ஊசிமலைக்கு சேர்வர் வந்த நாள்

மடுல்சீமைக்கு மேலே, பஸ் ஏற மறுக்கும் இடத்துக்கும் அப்பால் இருக்கிற ஊசிமலைத் தோட்டத்தில் நல்ல பாதை கிடையாது. வாரத்தில் இரண்டு நாள் தவிர மருந்து கொடுக்க ஆள் கிடையாது. மழை இறங்கினால் போனும் கிடையாது. இதையெல்லாம் கொழும்பில் இருக்கும் கொம்பனிக்காரர்கள் உட்கார்ந்து நன்றாக யோசித்துப் பார்த்து, ஊசிமலைக்கு உடனடியாகத் தேவைப்படுவது ஒரு கொம்பியூட்டர் சேர்வர் என்று முடிவு கட்டினார்கள். படித்தவர்களின் முடிவு. நாம் என்ன சொல்ல முடியும்?

சேர்வரைப் பூட்ட வந்தவள் துஷாந்தினி. பதுளை டவுனில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் ஷப்ராஸ் நானாவிடம் வேலை பார்க்கிறாள். அவளும் தோட்டத்துப் பிள்ளைதான். நமுனுகுலப் பக்கத்துத் தொழிலாளர் லயம் ஒன்றில் பிறந்தவள். அம்மா இன்றைக்கும் கொழுந்துக் கூடை தூக்குகிறாள். கெட்டிக்காரி, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் தான் கெட்டிக்காரி என்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற ஆசையும் அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. இருக்காதா பின்னே? லயத்திலிருந்து வந்த பெண்பிள்ளை ஒரு தடவை தடுமாறினால் போதும், "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்ல டவுனில் ஆட்கள் காத்துக்கொண்டிருப்பார்கள்.

அனுப்பும்போது ஷப்ராஸ் நானா கடை வாசலில் நின்று சொன்னார்: "இந்தத் தோட்டத்த ஒரு பிழையும் இல்லாம ஒப்படைச்சிட்டு வாங்க மகள். மத்தத் தோட்டம் எல்லாம் நமக்குத்தான். ஒங்கட வேலையும் நிரந்தரம். ஆனா ஒண்டு, மொத நாளே சிஸ்டத்த விட்டுட்டு பழைய புத்தகத்துல எழுதினாங்கண்டு கொழும்புக்குத் தெரிஞ்சா, எல்லாம் முடிஞ்சுது."

பழைய புத்தகம் என்று அவர் சொன்னது லொறித் துண்டுப் புத்தகத்தை. ஊசிமலையில் லொறி நகர வேண்டுமானால் பெரிய கிளாக்கர் பொன்னையா கையால் ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். அதைத் தோட்டத்து கேட்டில் நிற்கும் வாச்சரிடம் காட்டினால், பாதையை மறித்த சங்கிலி இறங்கும். கொழுந்துக்கும் அந்தத் துண்டுதான், உரத்துக்கும் அதுதான், நோயாளிக்கும் அதுதான். முன்பு இருந்த டிரைவர் ஒருவன், பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணைத் துண்டு இல்லாமல் ஏற்றிக்கொண்டு போனான். பிள்ளை பிழைத்தது, தாயும் பிழைத்தாள். டிரைவருக்கு வேலை போனது. வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் போகும் என்பது தோட்டத்துச் சட்டம். அவனுடைய சட்டி பானையும் சாமி படமும் மழையில் வாசலில் கிடந்ததை ஊசிமலை முழுக்கப் பார்த்தது. அதற்குப் பிறகு துண்டு இல்லாமல் அந்த லொறியின் கதவைத் தொடக்கூட யாரும் துணியவில்லை.

இனிமேல் கைத்துண்டு செல்லாது, கொம்பியூட்டரில் அடித்து வரும் பாஸ்தான் செல்லும் என்று தோட்டத்தை நடத்தும் துரை உத்தரவு போட்டிருந்தார். இன்றுதான் முதல் நாள்.

காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வந்த பெண்கள் நேராக மலைக்குப் போகாமல் ஆபீஸ் ஜன்னல் பக்கம் கூடிவிட்டார்கள். தொழிலாளர்கள் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்று பேசித்தான் பழக்கம். உள்ளே, துரைமார் உட்காரும் மாதிரியான நாற்காலியில், அவர்களைப் போன்ற ஒரு தாய்க்குப் பிறந்த பெண் உட்கார்ந்திருந்தாள். அவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

"நம்ம லயத்துப் புள்ளடி! பாருங்கடி, பெரிய கிளாக்கரய்யாவே அதுகிட்ட கேட்டுக் கேட்டுத்தான் செய்றாரு" என்றாள் ரெங்கம்மா. அந்தக் கூட்டத்தில் வாய் பெரிய ஆள் அவள்தான். பக்கத்தில் நின்ற விஜயலெட்சுமி கூச்சத்தோடு சிரித்தாள். "சாப்பிட்டியா புள்ள? ரொட்டி இருக்கு, தரட்டுமா?" என்று கேட்டாள். துஷாந்தினி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வேணாம்க்கா, தேங்ஸ்" என்றாள். கங்காணி வந்து சத்தம் போட்டபிறகு கூட்டம் கலைந்து, தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்கு மலைக்கு ஏறியது.

துஷாந்தினி திரையிலிருந்து கண்ணை எடுக்காததற்குக் காரணம் இருந்தது. சேர்வர் பின்னறையில் இருந்தது, முன்பு சாக்கும் பழைய தராசும் போட்டு வைத்திருந்த அறை. இரண்டு நாளாக அவள் அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்திருந்தாள். பாஸ் போட்டால் விழுந்தது, தேடினால் கிடைத்தது, எல்லாம் பொன் மாதிரி வேலை செய்தது. இன்று காலையில்தான் முன்னறையில், பொன்னையாவின் மேசையிலிருந்த கொம்பியூட்டரிலிருந்து முதல் தடவையாக சேர்வரைக் கூப்பிட்டாள். சேர்வர் பேசவில்லை. கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, நேரம் கடந்துவிட்டது என்று ஒரு வரி வந்து நின்றது.

புதிதாக டேட்டாபேஸ் பூட்டுகிறவர்கள் எல்லோரும் விழுகிற குழிதான் இது. சேர்வர் இருக்கும் அறைக்குள்ளேயே உட்கார்ந்து சோதித்தால் அது தன்னோடு தானே பேசிக்கொள்ளும். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. வெளியிலிருந்து இன்னொருவர் கூப்பிடும்போதுதான் தெரியும், எத்தனை கதவு சாத்தியிருக்கிறது என்று. முதல் நாளே இரண்டு அறைக்கும் நடந்து சோதித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவளுக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் பொன்னையாவிடம், "லைன் கொஞ்சம் ஸ்லோ ஐயா, இப்ப சரி வந்துரும்" என்று சொல்லிவைத்தாள்.

பத்து மணி வாக்கில் மேக்கணக்கு மலையில் குளவிக்கூடு கலைந்தது.

முதலில் கூச்சல்தான் கேட்டது. பிறகு பாதையில் பெண்கள் ஓடி வந்தார்கள், தலையில் கொங்காணியை இழுத்து மூடிக்கொண்டு, கூடைகளை மலையிலேயே போட்டுவிட்டு. அவர்களுக்குப் பின்னால் நான்கு பேர் ஒரு படங்குத் துணியின் நான்கு முனையைப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். படங்கில் விஜயலெட்சுமி கிடந்தாள். கூடு இருந்த செடிக்குப் பக்கத்து நிரையில் நின்றவள் அவள். மற்றவர்களை ஓடச் சொல்லிக் கத்திவிட்டுக் கடைசியாக ஓடியிருக்கிறாள். முகம் யாருடையதென்று தெரியாத அளவுக்கு வீங்கியிருந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

டிஸ்பென்சரி பூட்டிக் கிடந்தது. அன்றைக்கு மருந்துக்காரர் வரும் நாள் இல்லை. அம்புலன்ஸுக்குப் போன் அடித்தார்கள். வருகிறோம், ஆனால் மண் சரிந்த பாதையில் ஏற முடியாது, நோயாளியை மடுல்சீமைக்கு இறக்கிக் கொண்டுவாருங்கள் என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். இறக்குவதற்கு லொறி இருந்தது. ஆபீஸ் வாசலிலேயே, வெறும் பெட்டியோடு நின்றது. டிரைவர் தினேஸ் அதன் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். புதிதாகக் கல்யாணம் ஆனவன், ஒரு கைக்குழந்தை.

"எடுடா வண்டிய!" என்றாள் ரெங்கம்மா. அவளுடைய கண்ணிமை ஒன்றும் கொட்டுப்பட்டு மூடிவிட்டிருந்தது.

"பாஸ் வரட்டும்க்கா. பாஸ் வந்த அடுத்த நிமிசம் நான் எடுக்கிறேன். வாச்சர் சங்கிலிய எறக்க மாட்டாருக்கா, ஒங்களுக்குத் தெரியாதா?"

எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஆபீஸ் ஜன்னலைப் பார்த்தார்கள்.

உள்ளே பொன்னையா கொம்பியூட்டரைத் தட்டிப் பார்த்தார். அதே வரி. நேரம் கடந்துவிட்டது. அவர் துரைக்குப் போன் போட்டார். துரை பதுளையில் ஒரு கூட்டத்தில் இருந்தார். கிசுகிசுத்த குரலில், "சின்ன விசயத்துக்கெல்லாம் என்னைக் கூப்பிடாதீங்க பொன்னையா. அதுக்குத்தானே அவ்வளவு செலவு பண்ணி சிஸ்டம் போட்டிருக்கு? சிஸ்டத்துல போடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். மறுபடி அடித்தபோது போன் அணைந்திருந்தது.

பொன்னையா நல்ல மனிதர். நல்லவர் என்றால், மேலே இருப்பவர் சொன்னதைத் தட்டாமல் முப்பது வருஷம் கிளாக்கர் வேலை பார்த்தவர். அன்று அவரும் ஒரு நிமிஷம் மனிதரானார். மேசை லாச்சியை இழுத்துப் பழைய துண்டுப் புத்தகத்தை எடுத்து வெளியே வைத்தார். பேனையையும் எடுத்துவிட்டார்.

"மிஸ், நான் கையால எழுதிக் குடுத்துர்றேன். வாச்சர்கிட்ட நானே போய்ச் சொல்றேன். பொறவு வர்றத பாத்துக்கலாம். என்னா சொல்றீங்க?"

சிஸ்டம் விஷயத்தில் அவள் சொல்வதுதான் சட்டம் என்று துரை சொல்லியிருந்தார். அதனால்தான் கேட்டார். இல்லாவிட்டால் கேட்டிருக்க மாட்டார்.

துஷாந்தினி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கூட்டத்தின் கால்களுக்கிடையில் படங்கின் ஒரு முனை மட்டும்தான் தெரிந்தது. ஷப்ராஸ் நானா சொன்னது ஞாபகம் வந்தது. மொத நாளே பழைய புத்தகம். எல்லாம் முடிஞ்சுது. அவளுக்குக் கோளாறு என்ன என்பது ஏறக்குறையப் புரிந்துவிட்டிருந்தது. அதுதான் அந்த நேரத்தில் நடந்த மிகப் பெரிய கேடு. ஒன்றும் புரியாமல் இருந்திருந்தால் எழுதுங்கள் ஐயா என்று சொல்லியிருப்பாள்.

"அஞ்சு நிமிசம் குடுங்க ஐயா. எழுத வேணாம். எனக்குத் தெரிஞ்சிருச்சு என்னான்னு."

பொன்னையா புத்தகத்தை லாச்சிக்குள் வைத்தார். வெளியே தலையை நீட்டி, "புள்ள பாத்துக்கிட்டிருக்கு, அஞ்சு நிமிசத்துல வந்துரும்" என்றார்.

அந்த வார்த்தை கூட்டத்தில் எப்படி வேலை செய்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். உள்ளே இருந்தது வேறு யாராவதாக இருந்திருந்தால், டவுனிலிருந்து வந்த ஒரு சட்டைக்காரனாக இருந்திருந்தால், ரெங்கம்மா சங்கிலியைக் கல்லால் அடித்து உடைத்திருப்பாள். நான்கு பேர் சேர்ந்து வாச்சரைத் தூக்கி ஓரமாக வைத்திருப்பார்கள். நம்பிக்கை இல்லாதவன் சும்மா நிற்க மாட்டான். ஆனால் உள்ளே இருந்தது நம்ம புள்ள. "நம்ம புள்ள உள்ள இருக்கு, விட்டுருமா? கொஞ்சம் பொறுங்கடி, அதப் போட்டு அவசரப்படுத்தாதீங்க" என்று ரெங்கம்மாவே மற்றவர்களை அடக்கினாள். யாரோ விஜயலெட்சுமியின் முகத்தில் சுண்ணாம்பு தடவினார்கள். இன்னொருத்தி தண்ணீர் கொடுத்தாள். அது வாயின் ஓரமாக வழிந்துவிட்டது.

துஷாந்தினி பின்னறைக்கு ஓடினாள். வெளி ஆட்களைத் தடுக்கும் ஃபயர்வோல், டேட்டாபேஸ் பேசும் வழியையும் சேர்த்து அடைத்து வைத்திருந்தது. அந்த வழியைத் திறந்துவிட்டாள். முன்னறைக்கு ஓடி வந்து மறுபடி கூப்பிட்டாள். இப்போது வந்தது வேறு வரி. இணைப்பு மறுக்கப்பட்டது.

"வந்திருச்சா மிஸ்?"

"இல்ல ஐயா, ஆனா மெசேஜ் மாறிருச்சு. அது நல்லது."

இந்தத் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால் அவளைச் சரி என்றுதான் சொல்வார்கள். பிழை மாறினால் முன்னேற்றம். முதலில் பதிலே சொல்லாத சேர்வர், இப்போது மாட்டேன் என்றாவது சொல்கிறது. அவளுக்கு உடம்பில் ஒரு சூடு ஏறியது, சந்தோஷம் என்றே சொல்லலாம். வெளியே ஒரு பெண் தொண்டை அடைத்துக் கிடக்க உள்ளே ஒருத்திக்கு சந்தோஷம் வருமா என்று கேட்காதீர்கள். வந்தது.

மறுபடி பின்னறை. டேட்டாபேஸ் தன் சொந்த அறையின் குரலை மட்டும்தான் கேட்கும் என்று அமைப்பில் ஒரு வரி இருக்கும். பூட்டும்போதே அப்படித்தான் வரும். அதைத் தேடித் திறந்தாள். அப்போதுதான் திரையின் மூலையில், நேற்று அவள் சோதித்துவிட்டு மூடாமல் விட்ட ஜன்னல் தெரிந்தது. புதிய பாஸ். நோயாளியின் பெயர், வாகனம், போகுமிடம். எல்லாக் கட்டமும் வெறுமையாக, யாராவது நிரப்பட்டும் என்று திறந்து கிடந்தது.

இந்த அறையில் அது வேலை செய்கிறது. நேற்றும் செய்தது, இன்றும் செய்யும். பெயரை அடித்து, முன்னறையிலிருக்கும் பிரின்டரைத் தூக்கி வந்து இங்கே பூட்டினால் பாஸ் கையில். பொன்னையாவே தூக்கி வந்துவிடுவார். கூடு கலைந்த செய்தி வந்த கணத்திலேயே இதைச் செய்திருக்கலாம்.

அவள் கை ஒரு கணம் நின்றது. அந்தக் கணத்தில் அவள் நினைத்தது இதுதான்: பிரின்டரைத் தூக்கி வரச் சொன்னால் பொன்னையா கேட்பார், இது முன்னமே செஞ்சிருக்கலாமே மிஸ் என்று. கேட்காவிட்டாலும் நினைப்பார். வெளியே நிற்பவர்களுக்கும் சொல்வார். இவ்வளவு நேரம் ஒரு உயிரைக் காக்க வைத்துவிட்டு, கையில் இருந்ததைக் கவனிக்காத முட்டாள் என்று ஆகிவிடும். இங்கே இந்த ஒரு வரியை மாற்றினால் போதும், முன்னறையில் எல்லாம் சரிவரும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. எல்லாம் இன்னும் ஒரு நிமிஷம்.

அந்த ஜன்னலை மூடினாள். வரியை மாற்றினாள். முன்னறைக்கு ஓடினாள்.

இணைப்பு மறுக்கப்பட்டது.

வரியைத்தான் மாற்றிவிட்டாளே? மறுபடி பின்னறைக்குப் போய்ப் பார்த்தாள். மாற்றியது மாற்றியபடி இருந்தது. எழுத்துப் பிழையா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினாள். முன்னறைக் கொம்பியூட்டரை அணைத்துப் போட்டாள்; அது மெதுவாகச் சுற்றிச் சுற்றி எழுந்து வந்தது. மறுக்கப்பட்டது. வெளியே யாரோ, "மூச்சு நிக்குற மாதிரி இருக்கு, சீக்கிரம்!" என்று கத்தினார்கள். ரெங்கம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, ஆச்சா கண்ணு?" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பொன்னையாவின் கை மறுபடி லாச்சிப் பிடிக்குப் போனது. "மிஸ்..."

"இப்ப வந்துரும்னு சொன்னேன்ல ஐயா!" என்று சீறினாள். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

டேட்டாபேஸை நிறுத்தி மறுபடி ஓட விட வேண்டும் என்பது பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அமைப்பில் எதை மாற்றினாலும் நிறுத்தி ஓட விடாவிட்டால் அது பழைய புத்தியிலேயே இருக்கும். வகுப்பில் முதல் வாரம் சொல்லிக் கொடுப்பது. நிறுத்தினாள், ஓட விட்டாள். வரி மாறியது: இந்த இயந்திரத்துக்கு அனுமதி இல்லை. இது கடைசிக் கதவு. பொன்னையாவின் கொம்பியூட்டருக்கு அனுமதி எழுதினாள். முன்னறைக்கு வந்து தட்டினாள்.

திரை பச்சையானது.

"வந்திருச்சு! ஐயா, வந்திருச்சு!" என்று கத்தினாள். குரலில் இருந்த குதூகலம் ஜன்னலைத் தாண்டி வாசல்வரை போனது. பொன்னையா இரண்டு விரலால் பெயரை அடிக்கத் தொடங்கினார். வி. ஜ. ய. அடையாள அட்டை இலக்கம் இல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போகாது என்று சிஸ்டம் சொன்னது. பொன்னையா ஜன்னல் பக்கம் திரும்பிக் கேட்டார்: "ஐடென்டி நம்பர் என்னா? யாருக்காவது தெரியுமா?"

அவர் கம்பியில் முகத்தை வைத்து மறுபடி கேட்டார்.

"ஐடென்டி நம்பர்!"

ரெங்கம்மா நிலத்தில் உட்கார்ந்திருந்தாள். விஜயலெட்சுமியின் தலை அவள் மடியில் இருந்தது. வீங்காத ஒற்றைக் கண்ணால் நிமிர்ந்து பார்த்தாள்.

"இனி என்னாத்துக்குங்க ஐயா நம்பரு" என்றாள்.

அழுகை பிறகுதான் வெடித்தது. அழுகை முடிவதற்குள் கோபம் வந்தது. கோபத்துக்கு ஒரு முகம் வேண்டும். துரை பதுளையில் இருந்தார், கொம்பனி கொழும்பில் இருந்தது, தினேஸ் லொறிக்குப் பக்கத்தில் இருந்தான். முதலில் ஒரு செருப்பு பறந்தது. அப்புறம் ஆண்கள் நான்கைந்து பேர் அவனை லொறியின் கதவோடு வைத்து அடித்தார்கள். "துண்டு கேட்டியாடா? பொம்பள சாகும்போது துண்டு கேட்டியாடா நாயே?" தினேஸ் தலையைக் கையால் மறைத்துக்கொண்டு, "எனக்குப் புள்ள இருக்குண்ணே, எனக்குப் புள்ள இருக்குண்ணே" என்று மட்டும் சொன்னான். அவனை அடித்தவர்களில் ஒருவன்கூட அந்தச் சங்கிலியை இறக்கப் போகவில்லை என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

துஷாந்தினி இதையெல்லாம் ஜன்னல் வழியே பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முதலில் பயத்தால்; பிறகு அவள் அதை ஒட்டியபடியே வைத்துக்கொண்டாள்.

துரை பகலுக்குப் பிறகு ஜீப்பில் வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயத்தின் கனம் புரிந்துவிட்டது. கொழும்புக்கு யாரையாவது காட்ட வேண்டும். ஆபீஸ் வாசலில் எல்லோருக்கும் முன்னால் தினேஸைக் கூப்பிட்டார். அவன் உதடு கிழிந்து, ஒரு காது வீங்கி வந்து நின்றான்.

"மனுச உயிர் போகுது. நீ பாஸ் கேட்டுக்கிட்டு நின்னியா? உனக்கெல்லாம் மூளைன்னு ஒண்ணு இருக்கா? ஒரு அவசரத்துக்குத் தானா யோசிச்சு வண்டிய எடுக்கத் தெரியாதவன் எனக்கு டிரைவரா வேணாம்."

கூட்டம் ஆமோதித்து முணுமுணுத்தது. துண்டு இல்லாமல் எடுத்ததற்காக ஒருவனை விரட்டிய அதே துரை, எடுக்காததற்காக இன்னொருவனை விரட்டுகிறார். அதைக் கேட்டு அந்த ஜனம் நியாயம் கிடைத்ததாகத் தலையாட்டியது. தினேஸின் மனைவி கைக்குழந்தையோடு லயத்துப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு துரை ஆபீஸ் பக்கம் திரும்பினார். "சிஸ்டம் எத்தனை மணிக்கு சரி வந்திச்சு மிஸ்? கொழும்புக்கு நான் பதில் சொல்லணும்."

பொன்னையா அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. அவளும் அவரும் ஒன்றாகச் செய்த பிழை, ஒன்றாகவே ஒப்புக்கொள்வோம் என்பது போல ஒரு பார்வை. அவர் வாயைத் திறக்கவும் போனார்.

துஷாந்தினி முந்திக்கொண்டாள்.

"சிஸ்டம் காலையில இருந்தே வேல செஞ்சிச்சு சேர். சேர்வர் ரூம்ல இருந்து எப்பவும் பாஸ் போட்டிருக்கலாம். முன்னால இருக்கிற மெசின்லதான் கொஞ்சம் கனெக்ஷன் பிரச்சினை. சேர்வர் ரூம்ல போட்டுத் தாங்கன்னு யாரும் என்கிட்ட கேக்கல."

ஒரு சொல்லும் பொய்யில்லை. வேண்டுமானால் யாரும் பின்னறைக்கு வந்து சோதித்துப் பார்க்கலாம்.

துரை பொன்னையாவிடம் திரும்பினார். "அப்படியா? இது உங்களுக்குத் தெரியாதா? இரண்டு நாளா பக்கத்துல நின்னு படிச்சீங்களே, எதைப் படிச்சீங்க?"

பொன்னையா என்ன சொல்வார்? கைத்துண்டு எழுதப் போனேன், இந்தப் பெண் தடுத்தாள் என்று சொன்னால், கைத்துண்டு எழுதக்கூடாது என்ற உத்தரவை மீற நினைத்தவர் அவர். எழுதவில்லை என்றால், ஒரு உயிர் போகும்போது எழுதாமல் இருந்தவர் அவர். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். முப்பது வருஷம் துரைமாருக்குச் சொல்லிப் பழகிய பதில்தான் அவருடைய வாயில் தானாக வந்தது.

"எனக்குத் தெரியாமப் போச்சுங்க சேர்."

"வீட்டுக்குப் போங்க. மிச்சத்தக் கொழும்பு சொல்லும்."

அவர் உள்ளே போய்த் தன் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் குடையையும் எடுத்துக்கொண்டு வந்தார். அவளைக் கடந்து போகும்போது நின்று ஏதாவது சொல்வார் என்று துஷாந்தினி தோள்களை இறுக்கிக்கொண்டு நின்றாள். அவர் நிற்கவில்லை.

போஸ்ட்மோர்ட்டத்துக்காக உடலைப் பதுளைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கிளாக்கர் இல்லாததால் துஷாந்தினியே முன்னறையில் உட்கார்ந்து பாஸ் அடித்தாள். சிஸ்டம் எங்கேயும் தடுக்கவில்லை. கொழுந்து கொண்டுபோகும் லொறியை ஓட்ட துரையின் ஜீப் டிரைவரை ஏற்றினார்கள். துரை திரையைப் பார்த்து, "குட்" என்று சொல்லி, ஒப்படைத்த தாளில் கையெழுத்துப் போட்டார்.

அவள் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். ஓட முடியுமா என்று பாதையைப் பார்த்தாள்.

"எங்க போற இப்பிடி வெறும் வயித்தோட?" என்றாள் ரெங்கம்மா. கையில் சூடான பிளேன்டீ. "காலையில இருந்து தண்ணி கூடக் குடிக்கலடி இந்தப் புள்ள. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். அந்த ரூமுக்கும் இந்த ரூமுக்கும் எத்தன ஓட்டம்! குடி கண்ணு. நீ என்னா செய்வ, மத்தவனுங்க எல்லாம் மனுசனா இருந்தாத்தானே?"

அவள் குடித்தாள். சீனி அதிகமாகப் போட்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில், மடுல்சீமைப் பள்ளிக்கூடத்திலிருந்து விஜயலெட்சுமியின் மகளைக் கூட்டி வந்தார்கள். பதினாலு வயதிருக்கும். வெள்ளைச் சட்டையின் முதுகில் பை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது. ரெங்கம்மா அவளைத் தோளோடு அணைத்துக் கூட்டி வந்து துஷாந்தினிக்கு முன்னால் நிறுத்தினாள்.

"இந்த அக்காதான் பாப்பா. ஒங்கம்மாவக் காப்பாத்த கடேசி வரைக்கும் பாடுபட்டது இந்த ஒருத்திதான். நம்ம சாதிசனம்ங்கிறதால பாடுபட்டுச்சு. வேற யாரு இருந்தா நமக்கு? கும்பிட்டுக்க."

பெண் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். கும்பிட்டதோடு நிற்காமல் குனிந்து காலையும் தொட்டாள்.

துஷாந்தினி பின்வாங்கவில்லை. அவள் தலையில் கை வைத்து, "நல்லாப் படிக்கணும்" என்றாள்.